125 மரபணு, ஒரே பொட்டலம்

போன ஜனவரியில் கோடியக்கரையில் சேற்றுக்குள் அலகை விட்டுக் குத்திக்கொண்டிருந்த ஒரு பழுப்புப் பறவைக் கூட்டத்தைக் காட்டி, கூட வந்தவர் "பேதை உள்ளான்" என்றார். நானும் பைனாகுலரில் பார்த்தேன், சரி, இன்னொரு உள்ளான் என்று அடுத்த பறவைக்குப் போய்விட்டேன் (உள்ளான் பார்க்கிறவர்களுக்குத் தெரியும், முக்கால்வாசி ஒன்றுபோலத்தான் இருக்கும்). வீட்டுக்கு வந்து படித்த பிறகுதான், அடடா, இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருக்கலாமே என்று தோன்றியது.

நாம் பார்ப்பது குளிர்கால வேஷம். கோடையில் ஸ்காண்டிநேவியா, ரஷ்யா பக்கம் போனால் ஆண்களுக்குக் கழுத்தைச் சுற்றிப் பெரிய இறகு வளையம் முளைக்கும். பெண்கள் வந்து ஜோடி தேடும் திடலில் கருத்த வளையக்காரர்கள் ஆளுக்கு ஒரு சின்ன இடம் பிடித்துச் சண்டை போடுவார்கள். பெரும்பான்மை இவர்கள்தான். வெள்ளை வளையக்காரர்களுக்குச் சொந்த இடமும் கிடையாது, சண்டையும் கிடையாது. கருத்தவரின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நைசாக ஜோடி சேர்வார்கள். மூன்றாவது ஆள் நூற்றுக்கு ஒருவர்: வளையமே இல்லை, உருவமும் சிறிது, அசல் பெண்ணைப் போலவே இருப்பார். 2006-இல்தான் இவரைப் பற்றி நெதர்லாந்துக்காரர்கள் எழுதினார்கள். அதுவரை பெண் என்றே எண்ணி எத்தனை பேர் கடந்து போயிருப்பார்களோ!

எந்த வகை ஆண் என்பது வளர்ப்பால் வருவதில்லை, பிறப்பிலேயே முடிவாகிவிடுகிறது. அங்கேதான் எனக்கு இடித்தது. நிறம், உடல் அளவு, ஹார்மோன், குணம் எல்லாம் சேர்ந்தே வரவேண்டும். வெள்ளை வளையத்தோடு சண்டைக்காரக் குணமும் வந்தால் கணக்கு உதைக்கும். ஆனால் விந்தணுவும் முட்டையும் உருவாகும்போது அப்பா வழிக் குரோமோசோமும் அம்மா வழிக் குரோமோசோமும் பக்கத்தில் நின்று துண்டுகளை மாற்றிக்கொள்ளுமே, பள்ளியில் படித்த மறுசேர்க்கை. தலைமுறைக்குத் தலைமுறை இப்படிக் கலைத்துப் போட்டால், சேர்ந்திருக்க வேண்டிய மரபணுக்கள் என்றோ பிரிந்து போயிருக்க வேண்டாமா?

போகவில்லை. 2016-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் இதற்கு விடை சொன்னார்கள். அவர்கள் கணக்கில் சுமார் 38 லட்சம் ஆண்டுகளுக்கு முன், 11-ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு பிய்ந்து, தலைகீழாகத் திரும்பி ஒட்டிக்கொண்டது. நீளம் 45 லட்சம் டி.என்.ஏ. எழுத்து, உள்ளே ஏறக்குறைய 125 மரபணுக்கள். திரும்பியதும் திரும்பாததும் நேருக்கு நேர் பொருந்தாது, அதனால் கலப்பும் நடக்காது. டிபன் கேரியரின் கொக்கியை மாட்டிவிட்ட மாதிரி: சாம்பார் மட்டும் தனியாக வெளியே வராது, எடுத்தால் அடுக்கு மொத்தமும் வரும். நிறத்துக்கான மரபணுவும் ஹார்மோனை மாற்றியமைக்கும் மரபணுவும் அந்த அடுக்குக்குள்ளேயே இருக்கின்றன.

இதற்குக் கொடுத்த விலை கொஞ்சநஞ்சமல்ல. துண்டு பிய்ந்த இடம், செல் பிரிய அவசியமான ஒரு மரபணுவின் நடுவில் விழுந்துவிட்டது. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டுமே திரும்பிய துண்டாக வந்தால் குஞ்சு பிழைக்காது. அதனால் வெள்ளை வளையக்காரரும் சரி, பெண் வேஷக்காரரும் சரி, ஒரு பக்கம் சாதாரணத் துண்டை வைத்துக்கொண்டுதான் உயிரோடிருக்கிறார்கள். பெண்களும் இந்தத் துண்டைச் சுமக்கிறார்கள், வெளியே காட்ட வளையம்தான் இல்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது இனிமேல்தான். இந்தக் கொக்கி முழுக்க இறுகியதும் இல்லை. வெகு காலம் கழித்து எப்படியோ நழுவி, திரும்பிய துண்டுக்கும் சாதாரணத் துண்டுக்கும் இடையே அரிதாக ஒரு பரிமாற்றம் நடந்திருக்கிறது. அதில் வந்தவர்தான் வெள்ளை வளையக்காரர். அப்படியென்றால் இந்த இருவரில் பெண் வேஷக்காரர்தான் மூத்தவர்.

வர்ற ஜனவரியில் மறுபடி போகிறேன். குளிர்காலத்தில் யாருக்கும் வளையம் இருக்காது, ஆணைவிடப் பெண் சிறிது, இந்த மூன்றாவது ஆள் இரண்டுக்கும் நடுவில். கூட்டத்தில் எதையாவது பார்த்து "இது கொஞ்சம் பெரிய பெண்ணோ?" என்று சந்தேகப்பட்டால், இந்த முறை அடுத்த பறவைக்குத் தாவ மாட்டேன்.