எட்னாவின் செவ்வாய்க்கிழமையும் எம்.ஏ. தேர்வும்

அமெரிக்க எழுத்தாளர் கேட் ஷோபினின் ‘தி அவேக்கனிங்’ நாவல் பாடமாக இருந்தால், கைடில் உள்ள ‘ஆணாதிக்கம்’, ‘பெண் விடுதலை’ என்ற சொற்களை மனப்பாடம் செய்துகொண்டு தேர்வு அறைக்குப் போகாதீர்கள். ஊட்டியில் நான் எம்.ஏ. ஆங்கிலம் படித்தபோது எங்கள் பேராசிரியை ஒரே ஒரு வேலைதான் கொடுத்தார்: கதாநாயகி எட்னா எதையெல்லாம் நிறுத்தினாள், எதையெல்லாம் தொடங்கினாள் என்று அத்தியாய எண்ணோடு குறித்துவரச் சொன்னார். தேர்வில் எனக்குக் கைகொடுத்தது அந்தக் குறிப்புதான்.

மொத்தம் 39 அத்தியாயங்கள். பல மிகச் சிறியவை. கோத்தகிரி பஸ்ஸில் ஊட்டி வந்து சேர்வதற்குள் ஒன்றிரண்டைப் படித்துவிடலாம்.

மோதிரத்தில் தொடங்குங்கள். முதல் அத்தியாயத்தில் கடலில் குளித்துவிட்டு வரும் எட்னா பேசாமல் கையை நீட்டுகிறாள், கணவர் லியோன்ஸ் தன் பையில் வைத்திருந்த மோதிரங்களைத் தருகிறார், அவள் போட்டுக்கொள்கிறாள். 17ஆம் அத்தியாயத்தில் அதே கை திருமண மோதிரத்தைக் கழற்றித் தரையில் வீசுகிறது. காலால் மிதித்தும் அது நசுங்கவில்லை. வேலைக்காரப் பெண் எடுத்துக் கொடுத்ததும் மறுபடி அணிந்துகொள்கிறாள். கோபம் வந்த இரவிலேயே அவள் விடுதலை அடைந்துவிடவில்லை என்பதை இதைக் காட்டித்தான் எழுத வேண்டும்.

அந்த 17ஆம் அத்தியாயத்தை நிதானமாகப் படியுங்கள். நியூ ஆர்லியன்ஸ் வீட்டில் செவ்வாய்தோறும் விருந்தினரை வரவேற்பது எட்னாவின் கடமை. திருமணமான ஆறு ஆண்டுகளாக அதைச் செய்துவந்தவள், ஒரு செவ்வாயன்று காரணம் எதுவும் இல்லாமல் வெளியே போய்விடுகிறாள். இரவுச் சாப்பாட்டின்போது லியோன்ஸ், வந்து ஏமாந்து திரும்பியவர்கள் வைத்துவிட்டுப் போன பெயர் அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படிக்கிறார். யாரைப் பகைத்துக்கொள்ளக் கூடாது என்று கணக்குப் பார்க்கிறார். பிறகு சமையலைக் குறை சொல்லிவிட்டுக் கிளப்புக்குக் கிளம்பிவிடுகிறார். என்னோடு படித்த, திருமணமான ஓர் அக்கா இதைப் படித்துவிட்டு, “விசேஷம் முடிந்த ராத்திரி மொய் நோட்டைப் புரட்டுகிற மாதிரியே இருக்கிறது” என்றார். எந்த விமர்சகரின் விளக்கத்தைவிடவும் அது எனக்குத் தெளிவாக இருந்தது.

லியோன்ஸைக் கொடுமைக்காரன் என்று எழுதினால் நாவலே கைநழுவிவிடும். அவர், கடற்கரையில் தங்கியிருக்கும் எட்னாவுக்கு ஊரிலிருந்து பெட்டி நிறையப் பழமும் இனிப்பும் அனுப்புகிறவர். உலகத்திலேயே சிறந்த கணவர் என்று மற்றப் பெண்கள் சொல்ல, எட்னாவும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. நல்லவர் என்று ஊரே சொல்லும் ஒருவரோடு வாழும்போது, தனக்கு மூச்சு முட்டுவதை அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்? அவள் தனிவீடு பார்த்துப் போனபோதும், பழைய வீட்டில் மராமத்து நடப்பதாகப் பத்திரிகையில் செய்தி வரவைத்து மானத்தைக் காப்பாற்றிக்கொள்கிறார். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற பயத்துக்கு 32ஆம் அத்தியாயத்தைவிடச் சிறந்த சான்று கிடையாது.

நாவல் வெளிவந்தது 1899இல். விமர்சகர்கள் கடுமையாகச் சாடினார்கள். ஷோபின் 1904இல் இறந்தார். முன்னுரைக்கு இவ்வளவு போதும்.

எட்னா கடலில் நீந்திப் போய் உயிரை விடும் முடிவைப் பற்றிய கேள்வி வந்தால், அது வெற்றியா தோல்வியா என்று உடனே தீர்ப்பு எழுதாதீர்கள். 16ஆம் அத்தியாயத்துக்குப் போங்கள். பிள்ளைகளுக்காகப் பணத்தைக் கொடுப்பேன், உயிரைக்கூடக் கொடுப்பேன், என்னையே கொடுக்கமாட்டேன் என்று தோழி அடேலிடம் எட்னா சொல்கிறாள். உயிர் வேறு, தான் வேறு என்று அவள் எப்படிப் பிரித்தாள் என்பதை முதல் பத்தியிலேயே விளக்கிவிட்டு, அதன்பிறகு கடற்கரைக்கு வாருங்கள்.