துண்டால் மூடிப் படுத்துப் பழகினோம்

காங்கேயம் பக்கம் தோட்டத்தில் இருக்கும் எங்கள் அமுச்சிக்கு (அம்மாவின் அம்மா) வயது 74. வலது கண்ணில் புரை முற்றி, வரப்பில் இரண்டு தடவை விழுந்தும், ஆபரேஷன் என்றால் "போற காலத்துல அதெல்லாம் எதுக்கு சாமி" என்பார்.

காரணம் இருந்தது. அமுச்சியின் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து நாள் கணக்கில் அசையாமல் படுக்க வைத்திருந்தார்களாம். லென்ஸ் வைக்காத காலம்; அப்புறம் ஆயுசுக்கும் சோடாப்புட்டிக் கண்ணாடிதான். போதாததற்குக் கண்ணை வெளியே எடுத்துக் கழுவி வைப்பார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். நாங்கள் "ஒண்ணும் ஆகாதுங்க" என்று சொன்னதோடு சரி. அது பயத்தைக் கூட்டத்தான் செய்தது.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் லென்ஸுக்கு அளவெடுத்த பிறகு, அங்கே நோயாளிகளுக்கு விளக்கிச் சொல்லும் கவுன்சிலர் பெண் ஒரு பிளாஸ்டிக் கண்ணை அமுச்சி கையில் கொடுத்தார். "கண்ணு இருந்த எடத்துலயே இருக்குமுங்க. மூணு மில்லிமீட்டருக்கும் சின்னதா ஒரு கீறல். புரையை உடைச்சு உறிஞ்சிட்டு, மடிச்ச லென்ஸை உள்ள விட்டா தானா விரிஞ்சுக்கும்." சொட்டு மருந்தில் மரத்துவிடும், தொடுவது மட்டும் தெரியும், முகத்தைத் துணியால் மூடுவார்கள், வெளிச்சம் கூசும், மெஷின் சத்தம் கேட்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

அமுச்சி கேட்டது ஒன்றே ஒன்று: "இருமல் வந்தா?"

"தலையை ஆட்டாம வாயில சொல்லுங்கம்மா. டாக்டர் நிறுத்திக்குவாருங்க."

வீட்டுக்கு வந்ததும் கயிற்றுக் கட்டிலில் படுக்க வைத்து, முகத்தில் ஈரிழைத் துண்டைப் போட்டு, செல்போனில் 15 நிமிடம் வைத்தேன். முதல் நாள் மூன்றே நிமிடத்தில் துண்டு பறந்தது. நான்காம் நாள் குறட்டை! அதுவும் ஆகாதாம், திடுக்கென்று விழித்தால் தலை ஆடிவிடும். அதனால் மனசுக்குள் நூறு எண்ணச் சொன்னேன்.

ஆபரேஷன் அன்றைக்குக் கண் பாப்பா விரிய மருந்து விட்டுவிட்டு உட்கார வைத்த நேரம்தான் நீளம். ஆபரேஷன் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. வெளியே வந்த அமுச்சி, "எல்லாம் அந்தப் புள்ள சொன்னாப்பலதான். உள்ள அத்தனை குளுருன்னு மட்டும் ஒருத்தரும் சொல்லலையே" என்றார்.

அடுத்த மாதம் இடது கண். போர்வை தருவார்களா என்று இப்போதே கேட்டு வைக்கச் சொல்லியிருக்கிறார்.