மழையில் சைக்கிள் பிரேக் பிடிக்கவில்லையா? முதலில் ரிம்மில் காந்தம் வையுங்கள்

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் சைக்கிள் ஓட்டும் பலரும் கேட்பது, “டிஸ்க் பிரேக் போட்டுடலாமா?” என்றுதான். அதற்கு முன் ஒரு காந்தத்தை ரிம்மில், அதாவது டயர் உட்காரும் சக்கர வளையத்தில், வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு. குரோம் பூசிய இரும்பு ரிம் நனைந்துவிட்டால் பிரேக்கின் ரப்பர் கட்டை வழுக்கிக்கொண்டே போகும்; விலை கூடிய கட்டை போட்டாலும் பெரிதாக மாறாது. அந்தக் காசில் அலுமினிய ரிம் வாங்கிக் கோர்க்கச் சொல்லுங்கள். சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பில் கம்பி கோர்க்க 36 துளை இருந்தால் ரிம்மிலும் 36 இருக்க வேண்டும்.

அலுமினிய ரிம்மில், இருபக்கமும் இரண்டு கைகளால் ரிம்மை அழுத்தும் வி-பிரேக் (கடைகளில் ‘பவர் பிரேக்’), தார் ரோட்டு மழைக்குத் தாராளமாகப் போதும். சக்கரம் ஒன்றிரண்டு சுற்று சுற்றித் தண்ணீரை வழித்த பிறகே கட்டை பிடிக்கும். சிக்னல் வருவதற்குள் லீவரை லேசாகத் தொட்டு ரிம்மைத் துடைத்துவிடுங்கள்.

சேற்றின் கதையே வேறு. மெட்ரோ வேலை நடக்கும் சென்னை ஓ.எம்.ஆர். மாதிரி சாலையில் சக்கரத்தில் ஏறுவது மணலும் சிமென்டும் கலந்த குழம்பு. கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவில் அது உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். கட்டையைக் கழற்றிப் பாருங்கள், ரப்பருக்குள் வெள்ளியாக மின்னும் துணுக்குகள் தெரியும். எல்லாம் ரிம்மிலிருந்து சுரண்டிய அலுமினியம். ஊக்கால் ஒவ்வொன்றாகக் குத்தி எடுக்காவிட்டால் அவையே ரிம்மை மேலும் கீறும். ரிம்மின் பக்கவாட்டில் விரலை ஓட்டும்போது குழிவு தட்டுப்பட்டால் மாற்றியே ஆகவேண்டும். தேய்ந்த சுவர் டயர் அழுத்தம் தாங்காமல் பிளந்துவிடும்.

அதனால் தினமும் சேற்றில் போகிறவர்களுக்கு என் சிபாரிசு ஒயர் டிஸ்க், அதாவது ஒயரால் இழுபடும் டிஸ்க் பிரேக். அதில் தேய்வது ஹப்போடு சுழலும் ரோட்டர் என்ற தட்டும் அதைப் பிடிக்கும் பேடும்தான், ரிம் தப்பிக்கும். ரெசின் பேட் சேற்றில் சீக்கிரம் கரையும். மெட்டல் பேட் கொஞ்சம் கத்தும், ஆனால் உழைக்கும். ‘ரெசின் மட்டும்’ என்று ஆங்கிலத்தில் பொறித்த ரோட்டரில் மட்டும் அதைப் போடக்கூடாது. ஷிமானோ ரோட்டர் புதிதில் 1.8 மி.மீ.; 1.5-க்கு வந்தால் கழற்றிவிடுங்கள். பேடில் 0.5 மி.மீ. மட்டுமே மிஞ்சியிருந்தால் அதுவும் முடிந்தது.

விலை குறைந்த ஒயர் டிஸ்க்கில் பெரும்பாலும் வெளிப்பக்கப் பேட் மட்டுமே நகரும். தேயத் தேய ஒயரை மட்டும் இழுத்துக் கட்டிக்கொண்டே போவது பல கடைகளில் வழக்கம். பேடுகளைத் தாங்கும் காலிப்பரில் ஒயர் இழுக்கும் கை பாதி தூரம் முன்னமே நகர்ந்துவிடுவதால், அவசரத்துக்குப் பிடிக்கையில் மேற்கொண்டு அழுத்த இடம் இருக்காது. முதலில் போக்ஸ் கம்பி பக்கமுள்ள திருகை ஆலன் கீயால் முடுக்கி, நகராத பேடை ரோட்டரில் உரசாத அளவுக்கு நெருக்குங்கள். ஒயர் அதன் பிறகுதான்.

ஒயருக்குப் பதில் ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க் நன்றாகவே பிடிக்கும். ஆனால் பக்கத்தில் ஆயில் மாற்றத் தெரிந்தவர் இருக்கிறாரா என்று பார்த்து வாங்குங்கள். மினரல் ஆயில் பிரேக்கில் மோட்டார் பைக்குக்கு ஊற்றும் டாட் (DOT) பிரேக் ஆயிலை ஊற்றினால் சீல்கள் கெட்டுவிடும்.

பழைய சைக்கிளில் டிஸ்க் ஏற்ற, காலிப்பர் மாட்டும் இடம் ஃபிரேமிலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் முன்பக்கம் மட்டும் ஃபோர்க்கும் சக்கரமும் மாற்றலாம். நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்பவரிடம் சைக்கிளைக் கொடுக்காதீர்கள்.

மழைக்குப் பின் செயினுக்கு ஸ்பிரே அடிக்கும்போது ரோட்டரைத் துணியால் மூடுங்கள். எண்ணெய் குடித்த பேடைத் தூக்கிப் போட வேண்டியதுதான். ரோட்டரை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, புதுப் பேட் போட்டு, ஆளில்லாத தெருவில் 20 கி.மீ. வேகத்திலிருந்து நடை வேகம்வரை சுமார் 20 தடவை பிடித்துப் பிடித்து விடுங்கள். அதுவரை டிராஃபிக்கில் இறங்க வேண்டாம்.