ஃபெலோஷிப் விண்ணப்பம்: உங்கள் எழுத்து எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது?

அமெரிக்காவில் வெள்ளையரல்லாத எழுத்தாளர்களுக்கென்று நடக்கும் ஃபெலோஷிப்புகளில் இரண்டு வகை உண்டு. எழுத இடமும் நேரமும் கொடுத்து, "போய் எழுதுங்கள்" என்று விட்டுவிடுவது ஒன்று. வழிகாட்டி, எழுத்தாளருக்காகப் பதிப்பகங்களிடம் பேசும் இலக்கிய முகவர்களோடு சந்திப்பு, ஒப்பந்தம் படிக்கக் கற்றுத்தருவது, மேடையில் வாசிக்கப் பயிற்சி என்று எழுத்தைத் தொழிலாக நடத்தக் கைகொடுப்பது மற்றொன்று. இந்தப் பதிவு இரண்டாவதைப் பற்றியது. முதல் வகைக்கு எழுதிய விண்ணப்பத்தைப் பெயரை மட்டும் மாற்றி இரண்டாவதற்கு அனுப்புவதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு. தேர்வுக்குழு இங்கே பார்ப்பது வேறு: இவருடைய வேலை எந்த இடத்தில் சிக்கியிருக்கிறது, நம்மிடம் இருப்பதை வைத்து அதை அவிழ்க்க முடியுமா?

முதலில், யாருக்கு எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். 1996-ல் டோய் டெரிகாட்டும் கொர்நீலியஸ் ஈடியும் தொடங்கிய கேவ் கேனம் கறுப்பினக் கவிஞர்களுக்கானது. குண்டிமான், 2004-ல் சாரா காம்பிட்டோவும் ஜோசப் லெகாஸ்பியும் தொடங்கியது. ஆசிய அமெரிக்க எழுத்தாளர்களுக்கானது, தெற்காசியர்களும் அதில் அடக்கம். 1999-ல் தொடங்கிய வோனா எல்லா வெள்ளையரல்லாத எழுத்தாளர்களுக்கும் பட்டறை நடத்துகிறது. நியூயார்க்கின் ஆசிய அமெரிக்க எழுத்தாளர் பட்டறை 1991-லிருந்து இருக்கிறது. எழுத்தாளர் அமைப்பான பென் அமெரிக்காவின் 'எமர்ஜிங் வாய்சஸ்' 1996-ல் லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்தது. வழிகாட்டியையும் தொழில் பயிற்சியையும் ஒன்றாகத் தருவதற்கு நல்ல உதாரணம். பெரிப்ளஸ் ஒரு வழிகாட்டியோடு ஒருவரை இணைத்துவிடும் கூட்டமைப்பு. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பவர் என்றால் அமெரிக்க இலக்கிய மொழிபெயர்ப்பாளர் சங்கமான ஆல்டாவின் வழிகாட்டுதல் திட்டத்தைத்தான் முதலில் பாருங்கள். கதைக்கான ஃபெலோஷிப்பில் மொழிபெயர்ப்பை நுழைக்கப் பார்ப்பது வீண் வேலை.

தகுதி விதிகளை இந்த வருடத்துப் பக்கத்திலிருந்தே படியுங்கள். நண்பர் அனுப்பிய பழைய பிடிஎஃப் உதவாது. காரணம் இருக்கிறது. கறுப்பினப் பெண் தொழில்முனைவோருக்கு மட்டும் என்று அட்லாண்டாவின் ஃபியர்லெஸ் ஃபண்ட் நடத்திய நிதியுதவிப் போட்டியை, இனப் பாகுபாட்டைத் தடுக்கும் 1866-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டத்தைக் காட்டி 2024 ஜூனில் 11-ஆம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுத்திவைத்தது. அதற்குப் பிறகு பல துறைகளிலும் நிதியுதவி அமைப்புகள் தங்கள் விதிகளின் வாசகத்தைத் திருத்தத் தொடங்கின. முன்பு "இன்னாருக்கு மட்டும்" என்று இருந்த இடத்தில் "இன்னாரின் எழுத்தை மையமாகக் கொண்ட" என்று இருக்கலாம். வாசகம் மாறினால் கட்டுரைக் கேள்வியும் மாறும்: "நீங்கள் யார்" என்பது போய், "இந்த மரபோடு உங்கள் எழுத்து எப்படி உரையாடுகிறது" என்று வரும். பழைய பதிலை அப்படியே ஒட்டினால் கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் நிற்கும்.

'எமர்ஜிங்' (வளர்ந்துவரும்) என்ற சொல்லுக்கும் அமைப்புக்கு அமைப்பு அர்த்தம் வேறு. ஓரிடத்தில் புத்தகமே வந்திருக்கக் கூடாது. இன்னோரிடத்தில் ஒன்று வந்திருக்கலாம். சில இடங்களில் எம்எஃப்ஏ (படைப்பெழுத்தில் முதுகலை) பட்டம் இருந்தாலே வெளியே. தமிழில் இரண்டு தொகுப்பு போட்டு, ஆங்கிலத்தில் ஒன்றும் போடாதவர் எந்தப் பக்கம்? விதியில் பதில் இல்லையென்றால் இரண்டே வரியில் மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். மறைத்து அனுப்பி, தேர்வான பிறகு தெரியவந்தால் இடம் போகும்.

இனி நோக்கக் கட்டுரை. பெரும்பாலும் 500 சொற்களுக்குள் கேட்பார்கள். வழக்கமாக வருவது இப்படி இருக்கும்:

"சிறு வயது முதலே சொற்களின் மீது எனக்குத் தீராத காதல். இரு பண்பாடுகளுக்கு நடுவே வளர்ந்ததால் என் குரல் தனித்துவமானது. இந்த ஃபெலோஷிப் என் எழுத்துப் பயணத்தில் ஒரு மைல்கல்லாக அமையும்."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம், எந்த ஃபெலோஷிப்புக்கும் அனுப்பலாம். இதே ஆள் இப்படி எழுதினால்:

"நாவலின் முதல் வரைவு 310 பக்கத்தில் முடிந்திருக்கிறது. முதல் 120 பக்கத்தை மகள் சொல்கிறாள். அதன்பின் கதை தாயின் கைக்குப் போகிறது. படித்த மூன்று பேரும் அந்த இடத்தில்தான் கீழே வைத்தார்கள். இரண்டு முறை திருத்தியும், தாய் பேசும்போது மகளின் குரலை எப்படி அடியில் ஓடவிடுவது என்று பிடிபடவில்லை. பல குரல்களில் நாவல் எழுதிய ஒருவரோடு உட்கார்ந்து குரல் மாறும் இடத்தைச் சுற்றியுள்ள 60 பக்கத்தைத் திருப்பி எழுதுவதுதான் இந்த ஆறு மாதத்தில் என் வேலை. முகவர்களுக்கான கடிதத்தை அதற்குப் பிறகே தொடுவேன்."

வேலை எந்த அளவில் இருக்கிறது, எங்கே முட்டுகிறது, இதுவரை என்ன செய்து பார்த்தாயிற்று, யாருடைய உதவி வேண்டும் என்று எல்லாம் வந்துவிட்டது. கடைசி இரண்டு வரிகளைக் கவனியுங்கள். "நாவலை முடித்து வெளியிடுவேன்" என்று அவர் சொல்லவில்லை. ஆறு மாதத்துக்குள் அடங்கும் வேலையைச் சொல்கிறார். கைக்கு அடங்காத வாக்குறுதி கொடுத்தால், குழுவில் இருக்கும் எழுத்தாளர்களுக்கு அது உடனே தெரியும். அவர்களும் அதே சுவரில் முட்டியவர்கள்தானே.

அடையாளம் பற்றிய பத்தியில் தமிழர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 'தெற்காசியர்' என்ற பொதுப்போர்வைக்குள் நுழைந்து, எல்லா ஒடுக்குமுறையும் தனக்கு நேர்ந்தது போல எழுதிவிடுவது. குழுவில் தெற்காசியர் ஒருவர் இருந்தால் சாதி, வர்க்கம், எந்த விசாவில் வந்தது என்று எல்லாவற்றையும் வரிகளுக்கு நடுவே படித்துவிடுவார். உங்களுடையதை உள்ள அளவுக்குச் சொல்லுங்கள். குறிப்பாக இருந்தால் போதும், கனமாக இருக்க வேண்டியதில்லை. போரைப் பார்த்தவர் அதை எழுத வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. வேதனையை விண்ணப்பத்துக்கு நுழைவுச்சீட்டாக்கும் வழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை.

படைப்பு மாதிரி. 10 பக்கம் கேட்டால், 12 புள்ளி எழுத்து, இரட்டை வரி இடைவெளியில் ஏறக்குறைய 2,500 முதல் 3,000 ஆங்கிலச் சொற்கள். ஓரத்தைக் குறுக்கி 11-ஆவது பக்கத்தைத் திணிக்காதீர்கள். கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. கவிதைக்கு ஒற்றை இடைவெளி, பக்கத்துக்கு ஒரு கவிதை. நாவலின் மிகச் சிறந்த அத்தியாயம் 14-ஆவது என்பதற்காக அதை எடுத்து, மேலே முக்கால் பக்கம் முன்கதைச் சுருக்கம் வைப்பதைவிட, முன்கதை தேவைப்படாத சுமாரான முதல் அத்தியாயம் மேல். குவியலில் உங்களுடையது எத்தனையாவதோ தெரியாது. முதல் பக்கத்திலேயே கதை நடந்துகொண்டிருக்க வேண்டும்.

'அம்மா' என்று எழுதி, அடுத்த வரியிலேயே 'என் தாய்' என்று விளக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். இந்தக் குழுக்களில் இருப்பவர்கள் ஸ்பானியமும் தகலாகும் விளக்கமில்லாமல் படித்துப் பழகியவர்கள். சூழலில் புரியும் சொல்லுக்கு விளக்கம் வைத்தால், யாரை நினைத்து எழுதுகிறீர்கள் என்பதே சந்தேகமாகிவிடும். தமிழ்ச் சொல்லைச் சாய்வெழுத்தில் போடலாம், போடாமலும் இருக்கலாம். ஆனால் 10 பக்கத்துக்கும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

ஆங்கிலப் பிரதிக்குள் தமிழ் எழுத்து வந்தால் கூடுதல் கவனம் வேண்டும். எழுத்துரு கோப்புக்குள் பதியாவிட்டால், உங்கள் திரையில் 'கொ' என்று இருப்பது அங்கே கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகப் பிரிந்து கிடக்கும், இல்லையென்றால் வெறும் கட்டமாக நிற்கும். பிடிஎஃப் ஆக்கிய பிறகு, அந்த எழுத்துரு இல்லாத வேறு ஒரு கணினியிலோ கைப்பேசியிலோ திறந்து பாருங்கள்.

பெயர் மறைத்துப் படிக்கிறோம் என்று சொல்லியிருந்தால் பெயர் ஒளிந்திருக்கும் எல்லா இடத்தையும் துழாவ வேண்டும்: பக்கத் தலைப்பு, கோப்பின் பெயர், பிடிஎஃப் பண்புகளில் 'ஆசிரியர்' என்ற கட்டம். வேர்டு தானாகவே அங்கே உங்கள் பெயரை எழுதி வைத்திருக்கும். இந்த ஒன்றுக்காகவே படிக்காமல் தள்ளப்படும் விண்ணப்பம் உண்டு.

பரிந்துரைக் கடிதத்துக்கு ஆறு வாரம் முன்னதாகக் கேளுங்கள். நான்கு வாரம் என்பது அடிமட்டம். "ஒரு கடிதம் தர முடியுமா" என்று கேட்காமல், "இந்த நாவலைப் பற்றி, என்னோடு வேலை செய்தது எப்படி இருந்தது என்று எழுத முடியுமா" என்று கேட்டு, கூடவே உங்கள் கட்டுரை, மாதிரி, ஃபெலோஷிப்பின் பக்கம், கடைசித் தேதி நான்கையும் அனுப்பிவிடுங்கள். பெரிய பெயர் எழுதிய நாலு வரிப் பொதுக் கடிதத்தைவிட, உங்கள் வரைவை வரி வரியாகப் படித்த ஆசிரியரின் ஒரு பக்கக் கடிதம் எடுபடும். சப்மிட்டபிள் போன்ற இணைய விண்ணப்பத் தளங்களில் பரிந்துரையாளருக்கு இணைப்பு எப்போது போகிறது என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். சில படிவங்களில், நீங்கள் விண்ணப்பத்தைச் சமர்ப்பித்த பிறகுதான் போகும். கடைசி நாள் இரவு சமர்ப்பித்தால் கடிதம் எழுத அவருக்கு நேரமே இருக்காது. அவர் தமிழ்நாட்டில் இருந்தால் கணக்கு இன்னும் குழம்பும்: கிழக்கு அமெரிக்க நேரம் இரவு 11:59 என்பது கோடையில் அங்கே மறுநாள் காலை 9:29, குளிர்காலத்தில் 10:29. கலிஃபோர்னியாவில் இருப்பவருக்கோ அது இரவு 8:59-தான்.

தளத்தின் பெட்டிக்குள் நேரடியாகக் கட்டுரையைத் தட்டச்சு செய்யாதீர்கள். தனிக் கோப்பில் எழுதி ஒட்டுங்கள். பெட்டி எழுத்துக்களை எண்ணுகிறதா, சொற்களையா என்று பாருங்கள். எழுத்து என்றால் இடைவெளியும் கணக்கில் சேரும். கவிதையை ஒட்டினால் வரிமுறிவு கலைந்துபோகும். விண்ணப்பக் கட்டணத்துக்கு விலக்கு வேண்டுமென்றால், அதைக் கேட்பதற்குத் தனிக் கெடு இருக்கிறதா பாருங்கள். கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பே அது முடிந்திருக்கலாம்.

ஃபெலோஷிப் என்று பெயர் இருந்தாலே பணம் தருவார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். சில பட்டறைகளில் நீங்கள்தான் கட்ட வேண்டும். உதவித்தொகை உண்டா, பயணச்செலவு யாருடையது, எந்தெந்த நாட்கள் கட்டாயம் என்பதை அனுப்புவதற்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தொகை வந்தால் வரியும் வரும். பட்டப்படிப்பில் இல்லாதவருக்கு ஃபெலோஷிப் தொகை வருமானம்தான். அமெரிக்கக் குடிமக்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் தங்கள் வரி எண்ணைத் தெரிவிக்கும் டபிள்யூ-9 படிவம் கொடுப்பார்கள். தொகையிலிருந்து பொதுவாக எதுவும் பிடிக்கமாட்டார்கள், அதனால் ஒரு பங்கை நீங்களே எடுத்து ஒதுக்கிவைக்க வேண்டும். வரிச்சட்டப்படி வெளிநாட்டவராக இருந்தால் அதற்குப் பதில் டபிள்யூ-8பென் படிவம். அப்போது முன்கூட்டியே பிடிப்பது 30 சதவீதம். எஃப் (மாணவர்), ஜே (பரிமாற்றத் திட்டம்) விசாவில் இருப்பவருக்குத் தகுதியான ஃபெலோஷிப் தொகை என்றால் 14 சதவீதம். எஃப்-1-ல் இருப்பவர்கள் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்திடமும், ஹெச்-1பி வேலை விசாவில் இருப்பவர்கள் குடிவரவு வழக்கறிஞரிடமும் ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்து போடுவதற்கு முன் கேட்டுவிடுங்கள். குறிப்பாக ஃபெலோஷிப்பில் வகுப்பெடுப்பது, இதழுக்கு வேலை செய்வது போன்ற கடமை ஏதாவது இருந்தால், அது உதவித்தொகையா ஊதியமா என்ற கேள்வி எழும். வரி பிடித்திருந்தால் பிடித்த தொகையைக் காட்டும் 1042-எஸ் படிவத்தை அடுத்த மார்ச் 15-க்குள் அந்த அமைப்பு உங்களுக்கு அனுப்பியாக வேண்டும். வரவில்லையென்றால் கேட்டு வாங்குங்கள், அது இல்லாமல் பிடித்த பணத்தைத் திரும்பக் கேட்பது பெரும்பாடு.