சூத்திரம் சொன்னது 1.57, சென்சார் காட்டியது 1.1

பிளாஸ்டிக் குழாய் ஒன்றில் எனாமல் பூசிய செம்புக் கம்பியை நெருக்கமாக 100 சுற்று சுற்றினேன். சுருளின் நீளம் 4 செ.மீ., விட்டமும் 4 செ.மீ. அதில் 0.5 ஆம்பியர் விட்டால் உள்ளே காந்தப்புலம் எவ்வளவு?

வரிச்சுருள் (இப்படிக் குழாய் வடிவில் சுற்றிய கம்பிச்சுருள்) சூத்திரம்தான் மனப்பாடமாயிற்றே: மீட்டருக்கு எத்தனை சுற்று, அதை மின்னோட்டத்தாலும் 1.257 × 10⁻⁶ என்ற மாறிலியாலும் பெருக்கு. முதல் விடை 0.0157 மில்லிடெஸ்லா. பூமியின் புலமே 0.05 பக்கம் இருக்கும்போது இது எப்படி? மீட்டருக்கு 2500 சுற்று என்று போடாமல் சென்டிமீட்டருக்கு 25 என்று போட்டிருக்கிறேன். திருத்தினால் 1.57.

காந்தப்புலத்தை அளக்கும் ஹால் சென்சாரைச் சுருளின் நடுவில் வைத்தேன். 1.1 காட்டியது. சென்சார் மேல்தான் சந்தேகம் போனது. மின்னோட்டத்தைத் திசை மாற்றி விட்டு, இரண்டு அளவீடுகளின் வித்தியாசத்தில் பாதியை எடுத்தேன். பூமியின் புலமும் சென்சாரின் சுழிப்பிழையும் (புலமே இல்லாதபோதும் அது காட்டும் அளவு) இப்படிக் கழிந்துவிடும். அப்போதும் 1.1.

அப்புறம்தான் சூத்திரம் எங்கிருந்து வந்தது என்று திரும்பிப் பார்த்தேன். மின்னோட்டத்தையும் அதைச் சுற்றி உண்டாகும் காந்தப்புலத்தையும் இணைக்கும் ஆம்பியர் விதியை வைத்து அதை வருவிக்கும்போது சுருள் மிக நீளமானது, வெளியே புலம் கிட்டத்தட்ட இல்லை என்று எடுத்துக்கொள்கிறோம். நீளமும் விட்டமும் சமமான என் குட்டைச் சுருளுக்கு அது எப்படிப் பொருந்தும்?

சரி, ஒவ்வொரு சுற்றையும் தனி வளையமாக எண்ணி, விரிதாளில் 100 வரிசை போட்டேன். நடுப்புள்ளிக்கு நடு வளையம் தருவது 0.0157 (அதே எண்தான், இந்த முறை சரியான இடத்தில்!), கடைசி வளையம் தருவது வெறும் 0.0056. எல்லாவற்றையும் கூட்டினால் 1.11. இவ்வளவு சிரமப்பட்டிருக்கவே வேண்டாம். நீளத்தின் வர்க்கத்தையும் விட்டத்தின் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்து, அதனால் நீளத்தை வகுத்தால் 0.707 வரும். அதை 1.57 உடன் பெருக்கினாலும் அதே 1.11தான்.

முனையில் புலம் பாதியாகும் என்று படித்திருந்ததால், அங்கே 0.55 வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது 0.7. அந்தப் 'பாதி'யும் நீளச் சுருளுக்கான கணக்குதான். வளையங்களை முனையிலிருந்து கூட்டிப் பார்த்தபோது விரிதாளும் 0.70 என்றது.