காதர்பேட்டையில் வாங்கிய அங்கராக்கு

கடந்த பங்குனியில் சத்தியமங்கலத்தை அடுத்த ஒரு தோட்டத்துக் குட்டையில் காலை ஆறு மணி முதல் பிற்பகல் இரண்டு மணி வரை தூண்டிலோடு உட்கார்ந்திருந்தேன். கிடைத்தவை நாலு ஜிலேபிக் கெண்டையும் உடம்பெல்லாம் வேர்க்குருவும். அன்று நான் அணிந்திருந்தது, மீன்பிடிச் சட்டை என்றே பெயர் போட்டு இணையத்தில் விற்கப்பட்டதும், 1,899 ரூபாய் கொடுத்து நான் ஆசையாக வாங்கியதுமான முழுக்கைச் சட்டை; எங்கள் பக்கத்துப் பேச்சில் அங்கராக்கு. நெஞ்சில் நான்கு பைகள், பை மூடிகளில் ஒட்டிப் பிரிக்கும் வெல்க்ரோ பட்டைகள், முதுகில் காற்றுப் போக ஒரு திறப்பு, அதை மறைக்க மேலே ஒரு மடிப்பு என்று எல்லாம் இருந்தன. குட்டையின் கரை மேட்டுக்குக் கீழே காற்று அசையாத இடத்தில், அந்த முதுகுத் திறப்பு இரண்டு அடுக்குத் துணியாக மட்டுமே வேலை செய்தது. தூண்டிலை வீசக் கையைத் தூக்கும்போதெல்லாம் சட்டை முழுவதும் இடுப்பிலிருந்து மேலே ஏறியது. போதாக்குறைக்குத் தூண்டில் நரம்பு இரண்டு முறை வெல்க்ரோவில் சிக்கிக்கொண்டது.

அரைக்கைச் சட்டைக்குத் திரும்பிவிடலாம் என்றால், அதன் பலனையும் முன்பே அனுபவித்திருக்கிறேன். தூண்டில் பிடிப்பவரின் முன்னங்கை மணிக்கணக்கில் ஒரே கோணத்தில் வானத்தைப் பார்த்தபடி இருக்கிறது. நடப்பவர்க்கும் வேலை செய்பவர்க்கும் கை இடம் மாறிக்கொண்டே இருப்பதால் வெயில் பகிர்ந்து விழும். தூண்டில்காரருக்கோ முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடைப்பட்ட ஒரு சாண் தோல்தான் அத்தனையையும் வாங்குகிறது, தண்ணீரில் பட்டு எகிறும் வெளிச்சமும் அதனோடு சேர்ந்துகொள்கிறது. ஆகவே முழுக்கைதான் வேண்டும், அதற்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கவும் கூடாது என்று முடிவு செய்தேன். உலகத்துக்கே பனியன் தைத்து அனுப்பும் ஊர் கோவையிலிருந்து ஐம்பது கிலோமீட்டரில் இருக்கும்போது, இணையத்தில் படத்தைப் பார்த்துச் சட்டை வாங்கியது என் புத்திக் குறைவு.

ஒரு சனிக்கிழமை காலையில் திருப்பூர் ரயில் நிலையத்தில் இறங்கிக் காதர்பேட்டைக்கு நடந்தேன். நடக்கிற தூரம்தான். வழியெங்கும் சுவர்களிலும் கம்பங்களிலும் "சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் டெய்லர்கள் தேவை" என்று தையல் இயந்திர வகைகளைச் சொல்லி ஆள் கேட்கும் அட்டைகள் தொங்குகின்றன. காதர்பேட்டைக்குள் நுழைந்துவிட்டால் வாசலுக்கு வெளியே வரைக்கும் மூட்டை மூட்டையாகப் பனியன் துணிதான். இங்கே விற்பவற்றில் பெரும்பகுதி உள்ளூர்ச் சந்தைக்கென்றே தைத்தவை. ஒரு பகுதி ஏற்றுமதி மிச்சம், அதாவது கடைக்காரர்கள் சொல்லும் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ். வெளிநாட்டு ஆர்டருக்குத் தைக்கும்போது சேதாரத்துக்கென்று கொஞ்சம் கூடுதலாகவே வெட்டுவார்கள். அதில் மிஞ்சியதும், ரத்தான ஆர்டரில் தேங்கியதும் இப்படிக் கடைக்கு வருகின்றன. கழுத்துப்பட்டி லேபிளைப் பாதியாக வெட்டியிருந்தால் அது சர்ப்ளஸாக இருக்க வாய்ப்புண்டு. ஆனால் வெட்டிய லேபிளைப் பார்த்து மட்டும் நம்பிவிடக் கூடாது, கத்தரிக்கோல் எல்லாக் கடையிலும் இருக்கிறது.

மூன்றாவதாக ஏறிய கடையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க, என்ன பாக்கறீங்க?"

"மீன் புடிக்கப் போறதுக்கு ஒரு ஃபுல் ஹேண்ட் வேணுங்க."

"மீனுக்குங்களா, உங்களுக்குங்களா?" என்று கேட்டுவிட்டு, தாமே சிரித்துக்கொண்டு மூட்டையைப் பிரித்தார்.

கடை வைப்பதற்கு முன்னால் பனியன் கம்பெனியில் துணி செக்கிங் பிரிவில் பல வருடம் இருந்தவராம். அவரிடம் கற்றதுதான் இந்தப் பயணத்தின் பெரிய லாபம். துணியின் கனத்தை இங்கே ஜி.எஸ்.எம். என்ற கணக்கில் சொல்கிறார்கள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது அதன் பொருள். கம்பெனிகளில் இதை அளக்க வட்டமான ஒரு வெட்டுக்கருவி உண்டு. அது சரியாக 100 சதுர சென்டிமீட்டர் துணியை வெட்டி எடுக்கும். அந்த வில்லையை நிறுத்து நூறால் பெருக்கினால் ஜி.எஸ்.எம். கிடைத்துவிடும். கடையில் அது இல்லையென்றாலும் எடைபோடும் தராசு இருந்தது. என் இணையச் சட்டையைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அதைத் தராசில் வைத்தவர், பக்கத்தில் அதே அளவுள்ள மெல்லிய பாலியெஸ்டர் பின்னல் சட்டை ஒன்றையும் நிறுத்துக் காட்டினார்: என்னுடையது 340 கிராம், அவருடையது 190 கிராம். "இத்தன கனத்தப் போட்டுட்டு வெய்யல்ல உக்காந்தா வேர்க்குரு வராம என்னங்க பண்ணும்?" என்றார். நம் ஊர் வெயிலுக்கு 120 முதல் 150 ஜி.எஸ்.எம். வரை போதும் என்பது அவர் கணக்கு. அதற்கும் கீழே போனால் வெளிச்சம் உள்ளே வந்துவிடும்.

வெளிச்சம் உள்ளே வருவதுதான் அடுத்த பாடம். துணிகளின் வெயில் தடுப்புத் திறனை யு.பி.எஃப். என்ற எண்ணால் குறிக்கிறார்கள். இதற்கான தரநிர்ணயத்தை ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 1996-இல் வகுத்தன. யு.பி.எஃப். 50 என்றால் புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 2 சதவீதம் மட்டுமே துணியைத் தாண்டி வரும். மெல்லிய வெள்ளைப் பருத்தி பனியனுக்கு இந்த எண் பத்தைக்கூடத் தொடுவதில்லை. நனைந்தால் இன்னும் இறங்கிவிடும். பாலியெஸ்டர் இழையோ தன் வேதியியல் அமைப்பினாலேயே புற ஊதாக் கதிரை ஓரளவு விழுங்கிக்கொள்கிறது. சர்ப்ளஸ் மூட்டையில் யு.பி.எஃப். அட்டையைத் தேடுவது வீண் என்பதால் கடைக்காரர் சொன்ன வழியையே பிடித்துக்கொண்டேன். சட்டைக்குள் கையை விட்டுத் துணியை டியூப் லைட்டுக்கு நேராகப் பிடிக்க வேண்டும்; விரல்களின் உருவம் மங்கலாகத் தெரிந்தால் எடுக்கலாம், விரல் ரேகை வரைக்கும் தெரிந்தால் வைத்துவிடலாம். துணியை லேசாக இழுத்தும் பார்க்க வேண்டும், ஏனென்றால் உடம்பை இறுக்கும் சட்டையில் பின்னல் கண் திறந்து வெயில் நுழைகிறது. ஓர் அளவு கூடுதலாக எடுப்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

அதே விளக்கு வெளிச்சத்தில் ஊசி ஓட்டைகள், எண்ணெய்ப் புள்ளி, ஒரு கைக்கும் இன்னொரு கைக்கும் உள்ள நிற வித்தியாசம் எல்லாம் தெரிந்துவிடும். மீன் பிடிக்கப் போகிறவனுக்கு நிற வித்தியாசம் ஒரு குறையே அல்ல. விலை பேச நல்ல பிடி. ஆனால் தையல் ஓரத்து ஊசி ஓட்டையை மன்னிக்கக் கூடாது, பின்னல் துணி அங்கிருந்துதான் பிரிய ஆரம்பிக்கும். தோள்பட்டைத் தையலை உள்பக்கம் திருப்பி விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார். ஓவர்லாக் மட்டும் அடித்த தையல் ஒரு வரப்பு மாதிரி மேடாக நிற்கும், பையின் வார் அதன் மேல் அழுத்தினால் மாலைக்குள் தோல் சிவந்துவிடும். பேட்லாக் அடித்தது படுத்துக் கிடக்கும். கழுத்திலிருந்து அக்குள் வரை சாய்வாக வெட்டித் தைத்த ராக்லன் கையாக இருந்தால் தோள்பட்டையின் மேல் தையலே வராது, கையைத் தூக்குவதும் எளிது.

கையைத் தூக்கிப் பார்க்காமல் எந்தச் சட்டையையும் வாங்குவதில்லை என்று முடிவோடு போயிருந்தேன். கண்ணாடி முன்னால் நின்று, கடையில் கிடந்த குடையைத் தூண்டிலாகப் பாவித்து, தோளுக்குப் பின்னாலிருந்து முன்னால் வீசிப் பார்த்தேன். டீ கொண்டு வந்த பையன் வாசலிலேயே நின்றுவிட்டான். வெட்கத்தைப் பார்த்தால் நல்ல சட்டை கிடைக்காது. வீசும்போது சட்டையின் கீழ் விளிம்பு பெல்ட்டுக்கு மேலே போகக் கூடாது; கையை முழுதாக நீட்டும்போது மணிக்கட்டு எலும்பு மூடியே இருக்க வேண்டும். முதல் நான்கு சட்டைகள் இதில் தோற்றன. ஐந்தாவது, ராக்லன் கையும் கட்டை விரலுக்கு ஓட்டையும் வைத்த, சாம்பல் கலந்த நீல நிறச் சட்டை, அசையவில்லை. புறங்கையின் பாதி வரை மூடும் அந்த விரல் ஓட்டையை வீண் அலங்காரம் என்று நினைத்திருந்தேன். தூண்டில் பிடிப்பவருக்குத்தான் அதன் அருமை தெரியும். விலை 180 ரூபாய். எனக்கு இரண்டும், கொடுமுடியில் இருக்கும் மாமாவுக்கு ஒன்றுமாக மூன்று எடுத்தேன். மூன்றும் சேர்த்து 500 ரூபாய்க்குக் கொடுத்தார்.

பருத்தியை நான் ஒதுக்கிவிட்டதாக யாரும் எண்ண வேண்டாம். பருத்தி சாதாரணக் காற்றிலிருந்தே தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட வாங்காது. நம்முடைய வறண்ட சித்திரை வெயிலில், நிழலில் அமர்ந்து தக்கையைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்குப் பழைய மெல்லிய பருத்திச் சட்டையை நனைத்துப் போட்டுக்கொள்வதைப் போன்ற சுகம் வேறு கிடையாது. தண்ணீரில் இறங்கி நிற்பவருக்கும், ரீல் தூண்டிலோடு கரை நெடுக நடப்பவருக்கும்தான் அது நனைந்த சாக்காக மாறிவிடுகிறது. ரேயானை மட்டும் வேண்டாம் என்பேன். ஈரோடு கனி மார்க்கெட் வாரச் சந்தையில் ஒரு திங்கட்கிழமை இரவு விலை மலிவாக இருக்கிறதே என்று ரேயான் சட்டை ஒன்றை எடுத்தேன். கடையில் பட்டு மாதிரி வழுக்கியது. நனைந்ததும் கனத்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. ரேயான் இழை ஈரத்தில் பாதி வலுவை இழந்துவிடும். கரையேறும்போது ஒரு வேலிக் கிளுவையின் குச்சி பட்டு அக்குள் முதல் இடுப்பு வரை கிழிந்தது.

காதர்பேட்டையிலிருந்து பேருந்து நிலையத்துக்குப் போகும்போது நொய்யல் பாலத்தைக் கடந்தேன். இந்த ஆறு கொடுமுடிக்குக் கீழே போய்த்தான் காவிரியில் கலக்கிறது. சாயத் தண்ணீர் வந்த காலத்தில் ஆற்று முகத்துவாரப் பக்கம் வலை போடுவதையே விட்டுவிட்டதாக மாமா சொல்லியிருக்கிறார். 2011-இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் கழிவுநீரை வெளியே விடாத சுத்திகரிப்பு இங்கே கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தது. கையில் இருந்த சட்டைகளின் நிறமும் அப்படி ஒரு தொட்டியிலிருந்துதான் வந்திருக்கும் என்ற நினைப்பு, பாலம் தாண்டும் வரை கூடவே வந்தது.

காங்கேயம் வழியாகக் கொடுமுடி போய்ச் சேர மாலையாகிவிட்டது. மறுநாள் விடியலில், கோயில் படித்துறையை விட்டு வெகுதூரம் கீழே, மாமா வழக்கமாக வலை வீசும் இடத்துக்குப் போனோம். தெற்கே ஓடி வரும் காவிரி கிழக்கே திரும்புவது இந்த ஊரில்தான். திருப்பத்தில் மணல் திட்டும் அதை ஒட்டி இடுப்பளவுத் தண்ணீரும் உண்டு. மாமா தம்முடைய வெள்ளை முழுக்கைச் சட்டையைப் பின்புறம் முன்னாக மாட்டிக்கொண்டிருந்தார், பட்டன் வரிசை முதுகில் இருந்தது. புறப்படும்போது அத்தைதான் அதைப் போட்டுவிட்டார். வீச்சு வலை வீசுபவர் வலையின் ஒரு மடிப்பை முழங்கையில் தொங்கவிட்டு, ஈயமணி கோத்த விளிம்பைக் கையில் பிடித்து, உடம்பைத் திருகி எறிய வேண்டும். அந்த நேரத்தில் வலைக்கண்ணி ஒன்று நெஞ்சிலுள்ள பட்டனில் மாட்டிக்கொண்டால் வலையோடு ஆளும் தண்ணீருக்குள் போவார். முப்பது வருடமாகச் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொள்பவரிடம், நான்கு பை வைத்த என் 1,899 ரூபாய்ச் சட்டையைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

பட்டனே இல்லாத நீலச் சட்டையை எடுத்துக் கொடுத்தேன். தடவிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார்.

"அங்கராக்கு நல்லாத்தான் இருக்குது மாப்ள. பையி எங்க?"

"பை இல்லீங்க மாமா."

"பீடிய எங்க வெக்கறது?"

இருந்தாலும் போட்டுக்கொண்டு வலையை எடுத்தார். வட்டமாக விரிந்து விழுந்தது. இழுத்தபோது கெண்டையும் இரண்டு கெளுத்தியும் இருந்தன. கரைக்கு வந்து பத்து நிமிடத்தில் சட்டை காய்ந்துவிட்டதை இரண்டு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். மாலையில் அத்தை அதை எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தினார், மீன் வாடை பாலியெஸ்டரை அவ்வளவு எளிதில் விடாது. மணம் தரும் மென்மைத் திரவங்களில் ஊற வைத்தால் வேர்வையை இழுத்து வெளியேற்றும் தன்மை கெட்டுவிடும் என்பதால் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன்.

மூன்று வாரம் கழித்துப் போனபோது நீலச் சட்டையின் நெஞ்சில் கடுகளவு ஓட்டை ஒன்று உருகி விளிம்பு கெட்டியாகியிருந்தது. பீடியின் பொறி பட்டது. பருத்தியாக இருந்தால் கருகியதோடு நின்றிருக்கும், இது உருகித் தோலிலும் ஒட்டியிருக்கிறது. மாமா சட்டையைத் திருப்பிக் காட்டினார். பழைய வெள்ளைச் சட்டையின் பையை அத்தை வெட்டி எடுத்து, வலைக்கண்ணி மாட்டாதபடி உள்பக்கமாகத் தைத்துக் கொடுத்திருந்தார். வேர்வையில் தீப்பெட்டி நமத்துப்போகிறதாம், அதனால் பால் கவரில் சுற்றி வைத்திருந்தார்.