தெரிவு இலக்கம் ஒன்று

மே 29

ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) ரிசல்ட் வந்தால் ஊர் முதலில் ஒரு கிழமை கொண்டாடும் அல்லது அழும். அப்புறம் எல்லாரும் பிளாஸ்டிக் பைலோடு எங்கள் கடைக்கு வருவார்கள். களுவாஞ்சிகுடியில் இந்தக் கொமியூனிகேஷனைத் தொடங்கி ஆறு வருடம். போட்டோகொப்பி, லேமினேட், ரீலோட் எல்லாம் அன்றாடச் சோறு. பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்பும் காலம்தான் எனக்குத் திருவிழா. இந்த வருடம் வரிசையில் என் தம்பியும் நிற்கிறான்.

பயோ, செகண்ட் ஷை, அதாவது இரண்டாம் தடவை எழுதியது. ஏ ஒன்று, பி இரண்டு. இசட் புள்ளி 1.4218. மாவட்ட நிலை 97. இவ்வளவையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் காதில் அந்த ஏ மட்டும்தான் விழுந்தது.

"அப்ப டொக்டர்தானே மனே?"

தம்பி வாளியைத் தூக்கிக்கொண்டு மாட்டுப்பட்டிப் பக்கம் போய்விட்டான்.

ஜூன் 3

மண்டூரிலிருந்து குருமண்வெளிக்குக் காலைப் பாதையில் வரும்போதே பிடித்துவிட்டார்கள். (வெளியூர்க்காரருக்கு: இங்கே பாதை என்றால் ரோட்டு இல்லை, வாவியைக் கடக்கும் மிதவை.) மோட்டார் சைக்கிளைப் பிடித்தபடி நின்ற ஓர் அப்பா கேட்டார், "என்ட மகளுக்கும் பக்கத்து வீட்டுப் பொடியனுக்கும் ஒரே மாதிரி மூணு பி. அவனுக்கு இசட் குறைவு, இவளுக்குக் கூட. அது எப்பிடி புள்ள?"

மகளுக்குக் கூட வந்ததற்கே விளக்கம் கேட்கும் நேர்மையான மனுசன். பி என்றால் 65இலிருந்து 74 வரை எதுவாகவும் இருக்கலாம் என்று தொடங்கினேன். அதோடு இசட் வெறும் புள்ளியைப் பார்ப்பதில்லை. அந்தப் பாடத்தில் எல்லாரும் எடுத்த சராசரிக்கு மேலே நீ எவ்வளவு தூரத்தில் நிற்கிறாய், புள்ளிகள் எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்று பார்க்கும். எல்லாரும் விழுந்த பாடத்தில் 66 எடுத்தவள், எல்லாரும் அள்ளிய பாடத்தில் 72 எடுத்தவனை முந்தலாம். மூன்று பாடத்துக்கும் தனித்தனியே பார்த்து, கூட்டி, மூன்றால் பிரித்து, நாலு தசமம் வரை எழுதுவார்கள். 2001இலிருந்து இதுதான் முறை.

பாதை கரை தட்டியது. "அப்ப 72 எடுத்தவன் பாவம்தான்" என்றார். கணக்கு விளங்கியிருக்கிறது.

ஜூன் 6

பெரியநீலாவணையிலிருந்து ஒரு பிள்ளை தாயோடு வந்தாள். வீடு அம்பாறை மாவட்டம். படித்தது இந்தப் பக்கம், மட்டக்களப்பு மாவட்டம். நடுவில் இருப்பது ஓர் எல்லைதான், ஆனால் வெட்டுப்புள்ளி (இடம் கிடைக்கத் தேவையான குறைந்தபட்ச இசட்) இரண்டு மாவட்டத்துக்கும் வேறு வேறு. எந்த மாவட்டத்தில் போடுவது என்று வீட்டில் மூன்று நாள் வாக்குவாதமாம். நாமாகத் தெரிவு செய்கிற விஷயம் இல்லையம்மா என்று பல்கலைக்கழக அனுமதிக் கைநூலைத் திறந்து காட்டினேன். பரீட்சைக்கு முந்திய மூன்று வருடம் எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தாய் என்றுதான் பார்ப்பார்கள். தாய்க்கு ஏமாற்றம். பிள்ளைக்கு நிம்மதி, ஏனென்று சொல்லவில்லை.

பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் சனத்தொகைப்படி மாவட்டங்களுக்கு, மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பதினாறில் இருக்கின்றன. பல்கலைக்கழக அனுமதிப் புள்ளிகளை மொழி, மாவட்ட அடிப்படையில் மாற்றிய எழுபதுகளின் தரப்படுத்தலைப் பற்றி யாழ்ப்பாணத்தில் கேட்டால் இன்றைக்கும் ஆறாத காயம். அதில் நியாயம் உண்டு. ஆனால் மாவட்ட அடிப்படை என்ற ஒன்று இல்லாவிட்டால், ஆய்வுகூடம் இல்லாத பள்ளிகளில் பயோ படித்த படுவான்கரை (வாவிக்கு மேற்குப் பக்கம்) பிள்ளைகள் எத்தனை பேர் கம்பஸ் வாசலைக் கண்டிருப்பார்கள்? எங்கள் பக்கத்தில் இதை யாரும் பெரிய குரலில் சொல்வதில்லை. நானும் பாதையில் சொல்ல மாட்டேன், இங்கே எழுதுகிறேன்.

கலைப் பாடநெறிக்கு இந்தப் பங்கீடு கிடையாது, முழுக்க அகில இலங்கைத் திறமை. அதைச் சொல்ல எனக்குக் கைநூல் தேவையில்லை. மூன்றாம் தசமத்தில் விடுபட்டவள் நான்.

ஜூன் 9

இன்று தெரிவு வரிசை போட வந்தவர்கள் பதினாலு பேர். பதினாலு பேரிலும் பாதிப்பேருக்கு ஒரே பயம்: "அக்கா, கிடைக்காததை மேல போட்டா கீழ உள்ளதும் போயிருமாம்." யார் கிளப்பிவிட்ட கதையோ, ஒவ்வொரு வருடமும் புதிதாக முளைக்கிறது.

நான் சொல்வது எப்போதும் மீன் கதை. அம்மா என்னைச் சந்தைக்கு அனுப்புகிறார். கொடுவா இருந்தால் கொடுவா, இல்லாவிட்டால் மணலை, அதுவும் இல்லாவிட்டால் திலாப்பியா. கொடுவாவை முதலில் கேட்டதற்காகத் திலாப்பியாக்காரன் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வருவார்கள், உன் புள்ளி எட்டுகிற முதல் இடத்தில் நிறுத்துவார்கள். அவ்வளவுதான். கற்கைநெறிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் சேர்த்து ஒரு குறியீடு இருக்கும், மூன்று இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும். அதை மாற்றி அடிக்காமல் இருந்தால் போதும்.

உண்மையில் கெடுதல் வருவது மறுபக்கத்தால். விருப்பமில்லாத ஒன்றை மற்றவர்களுக்காக மேலே போட்டு, அது கிடைத்தும் விட்டால் முடிந்தது. நிறுத்துகிற இடத்தில் நிறுத்திவிடுவார்கள், கீழே நீ ஆசைப்பட்டது இருந்தாலும் பார்க்க மாட்டார்கள். நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு பிள்ளை மச்சான்காரன் சொன்னதைக் கேட்டு அப்படிப் போட்டாள். கிடைத்தது. பதிந்தாள். பதிந்தபின் இன்னொரு வருடம் விண்ணப்பிக்க முடியாது என்பது அப்புறம்தான் அவளுக்குத் தெரிந்தது. இப்போதும் கடைக்கு வருவாள். நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் தம்பி தங்கைகளின் விண்ணப்பத்தை நிரப்ப வரும்போது மச்சானைக் கூட்டி வருவதில்லை.

ஜூன் 12

இரவுச் சாப்பாட்டில் வெடித்தது.

அம்மா தயிர்ச் சட்டிகளை அடுக்கிக்கொண்டே, "முதல்ல மருத்துவம்தான் போடணும்" என்றார். தம்பி சோற்றைப் பிசைந்துகொண்டே, "முதல்ல கால்நடை மருத்துவம்" என்றான்.

"மாட்டு டொக்டரா?"

"ஓம்."

"மாட்டுக்குள்ளதானே இவ்வளவு காலமும் கிடந்தம். படிச்சும் மாட்டுக்குள்ளயா போகணும்?"

அப்பா ஒன்றும் பேசவில்லை. 2022 டிசம்பரில் வடக்கிலும் கிழக்கிலும் குளிரும் மழையும் சேர்ந்து மாடுகளைக் கூட்டமாக விழுத்திய அந்த இரண்டு நாளில் எங்கள் பட்டியில் பதினொன்று போயின. தம்பி அப்போது ஏ.எல். படிக்கத் தொடங்கியிருந்தான். சாக்கு, வைக்கோல், பழைய சாரம் எல்லாம் கொண்டுபோய்ப் போர்த்தினான். ஒரு சினைப்பசு அவன் மடியில் தலையை வைத்தபடியே செத்தது. அதைப் பற்றி அவன் பேசியதே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவனுடைய விலங்கியல் கொப்பியின் ஓரங்களில் மாட்டின் வயிற்று நாலு அறைகளும் வரையப்பட்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் நான் ஒரு வேலை செய்தேன், அதற்காகத்தான் இன்று எழுத உட்கார்ந்தேன். அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "97க்கு மருத்துவம் வராதுதானே, அம்மாவின் சந்தோஷத்துக்கு மேலே போட்டுவிடேன்" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். "கிடைச்சிட்டா?"

கடையில் பதினாலு பேருக்கு மீன் கதை சொன்ன வாய் இது.

ஜூன் 13

கச்சான் காற்று. கரண்ட் இல்லை. வந்தவர்களையெல்லாம் நாளைக்கு வரச்சொல்லி அனுப்பினேன்.

ஜூன் 16

கட்டாரிலிருந்து மாமா. எப்படியோ செய்தி போயிருக்கிறது. "மூன்றாம் தடவையும் எழுதட்டும், டியூஷன் காசு நான் அனுப்புறன். ஒரு வருசம்தானே." மூன்று தடவை எழுதலாம் என்பது சட்டம், உண்மைதான். ஆனால் அந்த ஒரு வருடத்தை மாமா வாழப் போவதில்லை. மட்டக்களப்பில் அறை எடுத்து, ஒரே பாடத்துக்கு இரண்டு வகுப்பு ஓடி, பிறந்தநாளைக்கூடப் பாஸ்ட் பேப்பரோடு கழித்தவன் தம்பி. மாமாவிடம் இதைச் சொல்லவில்லை. "யோசிப்பம் மாமா" என்றேன். அவருக்குக் கோபம் வராத ஒரே பதில் அது.

அவன் கேட்கும் படிப்பும் லேசானது இல்லை. நாட்டில் கால்நடை மருத்துவ பீடம் பேராதனையில் மட்டும்தான். மாவட்டத்துக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்கள். மருத்துவத்துக்கு அடுத்தபடியாக அதை எழுதிவைக்கிற பிள்ளைகள் ஏராளம், அவர்களில் மருத்துவம் கிடைத்தவர்கள் விலகிய பிறகு மிஞ்சுவதற்குத்தான் போட்டி. இதை அம்மாவுக்குச் சொன்னேன்.

"அவ்வளவு கஷ்டமா அது?" என்றார். முதல் தடவையாகக் குரலில் ஒரு மரியாதை.

ஜூன் 18

இன்று நிரப்பினோம். கடையைப் பூட்டிவிட்டு, அவனை வாடிக்கையாளர் கதிரையில் உட்காரவைத்து. அடையாள அட்டை இலக்கம், சுட்டிலக்கம், பொது அறிவுப் பரீட்சையில் 30க்குக் குறையாமல் இருக்கிறதா, எல்லாம் சரி. தெரிவு வரிசை வந்ததும் இருவரும் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒன்று: கால்நடை மருத்துவம், பேராதனை.

"இரண்டாவது மருத்துவம் போடு" என்றேன்.

அவன் முகம் மாறியது. "அக்கா, திரும்பவுமா?"

"பொறு. நான் பார்த்த வருடங்களில் எல்லாம் மருத்துவத்தின் வெட்டுப்புள்ளி கால்நடைக்கு மேலேதான் இருந்திருக்கிறது. மருத்துவத்துக்கு எட்டுகிற புள்ளி கால்நடைக்கும் எட்டும். அப்படியென்றால் உன்னை முதல் தெரிவிலேயே நிறுத்திவிடுவார்கள். இரண்டாவது வரைக்கும் வரவே மாட்டார்கள். அது அம்மாவுக்காகச் சும்மா அங்கே இருக்கும்."

கணக்குப் பார்த்தான். விரலால் மேசையில் எதையோ எழுதிப் பார்த்தான். சிரித்தான், ரிசல்ட் வந்தபிறகு முதல் தடவை. கிழக்குப் பல்கலையின் மருத்துவத்தை இரண்டாவதாகப் போட்டோம், வந்தாறுமூலையும் மட்டக்களப்பும் அம்மாவுக்குத் தெரிந்த பெயர்கள். மூன்றாவது பேராதனை விவசாயம், நாலாவது கிழக்கு விவசாயம். தாதியியலைச் சேர்க்கச் சொன்னேன், யோசித்துவிட்டுச் சேர்த்தான். சித்த மருத்துவத்தை வேண்டாம் என்றான், வற்புறுத்தவில்லை.

பிரிண்ட் எடுத்தபோது அவனிடமும் காசு வாங்கினேன். பத்து ரூபாயைக் குறைத்துக் கொடுத்தான்.

ஜூன் 19

அம்மா சந்தைக்குத் தயிர் கொண்டுபோக இன்று என்னோடு பாதையில் வந்தார். நேற்றிரவு பட்டியலை அவருக்கு வாசித்துக் காட்டியிருந்தோம், இரண்டாவதை மட்டும் கொஞ்சம் அழுத்தி. ஒன்றும் சொல்லாமல் கேட்டார். திரும்ப வாசிக்கச் சொன்னார். "சரி" என்று படுக்கப் போய்விட்டார்.

பாதையில் எங்கள் பெரியம்மா முறையான ஒருவர் சட்டியை இறக்கிவைக்க உதவிக்கொண்டே கேட்டார், "என்னகா, மகன் என்னத்துக்குப் போட்டிருக்கான்?"

"டொக்டருக்கு."

"மனுசருக்கா, மாட்டுக்கா? உன்ட தம்பி கட்டார்ல இருந்து வேற மாதிரிச் சொன்னானே."

வாவியில் காற்று. சட்டிகளை மூடியிருந்த வாழையிலை பறக்கப் பார்த்தது. அம்மா அதன்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டார்.

"ரெண்டுக்கும்தான் போட்டிருக்கான். முதல்ல மாட்டுக்கு."